லேப் ரொட்டேஷன்: வேலை பார்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள்

அமெரிக்காவில் உயிரியல் பிஎச்.டி.க்கு அட்மிஷன் கிடைத்துவிட்டால் கைடும் கிடைத்துவிட்டார் என்று நம் பிள்ளைகள் பலர் நினைக்கிறார்கள். அங்கே பெரும்பாலான துறைகளில் அப்படி இல்லை. முதலாண்டில் வழக்கமாக மூன்று ஆய்வகங்களில், ஒவ்வொன்றிலும் சுமார் எட்டு முதல் பத்து வாரம் வேலை பார்க்க வேண்டும். இதைத்தான் ரொட்டேஷன் என்கிறார்கள். அதன் பிறகே ஒரு பேராசிரியர் உங்களைச் சேர்த்துக்கொள்வார், அல்லது கைவிரிப்பார்.

கைவிரிப்பதற்குத் திறமைக் குறைவு மட்டுமே காரணம் அல்ல. முதலாண்டு உதவித்தொகையைப் பெரும்பாலும் துறை தருகிறது. அதன் பின் பல இடங்களில் கைடின் கிராண்டிலிருந்துதான் சம்பளம் வர வேண்டும். அவரிடம் பணம் இல்லையென்றால், எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் இடமில்லை. அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் வழங்கும் டி32 பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) வைத்திருப்பவர்களுக்கும்தான். எஃப்-1 மாணவர் விசாவில் போகிறவருக்கு அந்தக் கதவும் மூடியிருக்கிறது. 2025இல் ஆராய்ச்சி நிதி நெருக்கடியால் சில பல்கலைக்கழகங்கள் கொடுத்த அட்மிஷனையே திரும்பப் பெற்றன என்பதை மறக்க வேண்டாம்.

எனவே ரொட்டேஷனுக்குச் சம்மதிக்கும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள்: "இந்த ஆண்டு புதிய மாணவரைச் சேர்ப்பீர்களா? அதற்கு நிதி இருக்கிறதா?" பேராசிரியரிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். அங்கே இது எல்லோரும் கேட்கிற கேள்வி. பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள்.

நீங்களே சரிபார்க்கவும் வழி உண்டு. என்ஐஎச் ரிப்போர்ட்டர் என்ற இணையதளத்தில் பேராசிரியரின் பெயரைப் போட்டால் அவருடைய என்ஐஎச் கிராண்டுகள், தொகை, திட்டம் முடியும் தேதி எல்லாம் வரும். ஒரே கிராண்ட், அதுவும் அடுத்த ஆண்டே முடிகிறது, ஆய்வகத்திலோ ஏற்கெனவே நான்கு மாணவர்கள் என்றால், புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். ஏனென்றால் பிஎச்.டி. முடிக்க ஐந்தாறு ஆண்டு ஆகும்.

சீனியர்களை ஆய்வகத்துக்கு வெளியே, தனியாகச் சந்தியுங்கள். பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர், ஏன் போனார்கள், ஊருக்குப் போக விடுப்பு கேட்டால் என்ன நடக்கும் என்று விசாரியுங்கள். என்னைக் கேட்டால், ஆய்வகத்தின் புகழைவிட இந்தப் பதில்களுக்கே அதிக மதிப்புத் தருவேன்.

இரண்டாவது ரொட்டேஷனிலும் உறுதி கிடைக்கவில்லையா? துறையின் பட்டதாரிப் படிப்பு இயக்குநரிடம் உடனே சொல்லுங்கள். நான்காவது ரொட்டேஷனைப் பல துறைகள் அனுமதிக்கின்றன. மிரட்டல், அவமதிப்பு என்றால் குறைகளை நடுநிலையாகக் கேட்கும் ஒம்பட்ஸ் அலுவலகம் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ரகசியமாக ஆலோசனை பெறலாம்.

மனம் வெறுத்து, யாரிடமும் கேட்காமல் படிப்பிலிருந்து மட்டும் விலகிவிடாதீர்கள். சர்வதேச மாணவர் அலுவலகத்தின் அனுமதியோடு விலகினால் நாட்டைவிட்டுக் கிளம்ப 15 நாள் அவகாசம் உண்டு. அனுமதி இல்லாமல் விலகினால் அதுவும் கிடையாது. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற வழியிருந்தால், அந்த மாற்றத்தை விலகும் முன்பே செய்ய வேண்டும். விலகல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த அலுவலகத்துக்குப் போய்ப் பேசுங்கள்.