ஏழு கிலோ சாஸ்திரம்

விமான நிலையத்தில் எடை பார்க்கும் மேஜைக்கு முன்னால், தரையில் மண்டியிட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, எடுக்க வேண்டியது ஊறுகாய்ப் பாட்டிலா நெய் டப்பாவா என்று கணவனும் மனைவியுமாகத் தர்க்கம் செய்யும் பிரயாணிகளைக் காணாத நாள் கிடையாது. அவர்களைப் பார்த்து நகைப்பது எளிது. ஆனால் டிக்கெட்டின் அடியில் பொடியெழுத்தில் அச்சாகும் நிபந்தனைகளை ஒரு வரி விடாமல் வாசித்தவர்கள்கூட அந்தக் கதிக்கு ஆளாவதுண்டு. ஏனெனில் அந்த நிபந்தனைகள் இது கூடும், இது கூடாது என்று விதிக்கின்றனவேயன்றி ஏன் என்று சொல்வதில்லை. காரணம் தெரியாத விதி மனத்தில் தங்குவதுமில்லை. உண்மையில், கைப்பை சம்பந்தமான விதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு விபத்தோ, ஒரு சதியோ, ஒரு வியாபாரக் கணக்கோ மறைந்திருக்கிறது. அவற்றை அறிந்துகொண்டவருக்கு நீண்ட ஜாபிதாக்களை உருப்போட வேண்டிய சிரமம் பெரும்பாலும் இராது.

வியாபாரக் கணக்கை முதலில் பார்க்கலாம். பழைய விமானங்களில் ஆசனங்களின் தலைக்கு மேலே இருந்தவை தொப்பியும் மேலங்கியும் வைப்பதற்கான திறந்த தட்டுகள்தாம்; 1970-இல் போயிங் 747 போன்ற பெரிய விமானங்கள் வந்த பிறகே கதவு போட்டு மூடும் பெட்டகங்கள் பரவலாயின. அப்போதும் மூட்டை முடிச்சுகளை அடித்தளத்துக்கு அனுப்பிவிட்டு, கையில் ஒரு பத்திரிகையோடு ஏறுவதே பெரும்பாலோர் வழக்கம். 2008-இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம், உள்நாட்டுப் பிரயாணத்தில் அடித்தளத்துக்கு அனுப்பும் முதல் பெட்டிக்கே 15 டாலர் கட்டணம் என்று அறிவித்தது. மற்ற கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வழியில் இறங்கின. கட்டணத்துக்கு அஞ்சிய ஜனங்கள் வீட்டையே கைப்பைக்குள் அடைக்கத் தொடங்கினார்கள். பெட்டகங்கள் நிரம்பி வழிந்தன. விமானம் புறப்படுவதில் தாமதம் நேர்ந்தது. பிறகு கைப்பையின் நீள அகல உயர வரம்புகளில் கண்டிப்பு கூடியது; சில கம்பெனிகள் கைப்பைக்கும் கட்டணம் கேட்டன. நெரிசலை உண்டாக்கியவர்களே அந்த நெரிசலுக்கும் கட்டணம் வசூலிப்பது விசித்திரமான நியாயம்தான். ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல், நியாயமான அளவும் எடையும் உள்ள கைப்பை பிரயாணத்தின் பிரிக்க முடியாத அங்கம், அதற்குத் தனிக் கட்டணம் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2024-இல் ஸ்பெயின் அரசாங்கம் ஐந்து மலிவு விமானக் கம்பெனிகளுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தபோது, கைப்பைக்குப் பணம் கேட்டது அவற்றின்மேல் சாட்டிய குற்றங்களில் ஒன்று. கம்பெனிகள் அதை எதிர்த்து வழக்காடுகின்றன.

நம் தேசத்தில் சாதாரண வகுப்புப் பிரயாணிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் அனுமதிப்பது 7 கிலோ எடையுள்ள ஒரே பை. அதன் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. சக்கரமும் கைப்பிடியும் இந்தக் கணக்கில் சேர்த்தி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கெட்டியான சக்கரப்பெட்டி, காலியாக இருக்கும்போதே இரண்டு மூன்று கிலோவை விழுங்கிவிடுவதால், ஏழில் மிஞ்சுவது சொற்பம். ஆகையால் பார்வைக்கு எளியதாயினும் துணிப்பையே விவேகிகளின் தேர்வு. ஒரே பிரயாணத்தில் இரண்டு மூன்று கம்பெனிகளின் விமானங்களில் மாறிச் செல்பவர், அவற்றுள் மிகக் கடுமையான வரம்பு எதுவோ அதற்கேற்பத்தான் பையைக் கட்ட வேண்டும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் கைப்பைக்கு 23 கிலோ வரை இடங்கொடுக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சாதாரண வகுப்பில் 7 கிலோதான். முன்னதை நம்பிக் கட்டிய பை பின்னதன் வாசலில் அவமானப்படும்.

சதியின் கதை 2006 ஆகஸ்ட் 10-ஆம் தேதி வெளிப்பட்டது. குளிர்பானப் பாட்டில்களில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு கலந்த வெடித் திரவத்தை நிரப்பி, லண்டனிலிருந்து அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் செல்லும் விமானங்களை நடுவானில் தகர்க்கத் திட்டமிட்ட கூட்டத்தைப் பிரிட்டிஷ் போலீஸார் கைது செய்தார்கள். அன்று பிரிட்டனிலிருந்து புறப்பட்டவர்கள் பாஸ்போர்ட்டையும் பணப்பையையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் ஏந்திக்கொண்டு விமானம் ஏறினார்கள். குழந்தைக்கு வைத்திருந்த பாலைத் தாய் தானே ஒரு வாய் குடித்துக்காட்ட வேண்டியிருந்தது. அந்தக் கலவரம் தணிந்தபின், அவ்வாண்டு நவம்பரில் ஐரோப்பாவில் பிறந்ததுதான் இன்று உலகெங்கும் சர்வதேச விமானங்களில் நிலவும் 100 மில்லிலிட்டர் விதி: திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத பாத்திரத்தில் இருக்க வேண்டும், அந்தப் பாத்திரங்கள் யாவும் ஒரு லிட்டர் கொள்ளும் ஒளி ஊடுருவும் பைக்குள் அடங்க வேண்டும். இங்கே கணக்கில் வருவது பாத்திரத்தின் கொள்ளளவேயன்றி உள்ளே மிச்சமிருப்பது அன்று. முந்நூறு மில்லி ஷாம்புப் பாட்டிலின் அடியில் இரண்டு கரண்டி கிடந்தாலும் அது குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். திரவம் என்ற சொல்லுக்குச் சோதனை உத்தியோகஸ்தர்கள் கொள்ளும் பொருளும் விசாலமானது. தயிர், நெய், தேன், சட்னி, எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், பற்பசை அனைத்தும் அதில் அடங்கும். குழையும் பண்டம் எதையும் அவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்களாதலால், திருநெல்வேலி அல்வாவை அடித்தளத்துப் பெட்டியில் ஏற்றுவதே சாந்தியான வழி. குழந்தைக்குரிய உணவுக்கும், மருத்துவரின் சீட்டோடு கூடிய மருந்துக்கும் பிரயாணத்துக்குத் தேவையான அளவில் விலக்கு உண்டு. புதுவகை ஸ்கேனர்கள் வந்தபின் எடின்பரோ முதலிய சில விமான நிலையங்கள் இந்த வரம்பை இரண்டு லிட்டர் வரை தளர்த்தியிருக்கின்றன. ஆனால் போகும் வழியில் கிடைத்த சலுகை திரும்பும் வழியிலும் கிடைக்கும் என்று நம்பிவிடலாகாது.

மின்கலங்களின் விஷயம் இதற்கு நேர்மாறானது. திரவத்தைக் கைப்பையில் வைக்காதே என்று சொல்லும் அதே அதிகாரிகள், பவர் பேங்கையும் உதிரி பேட்டரிகளையும் அடித்தளத்தில் வைக்கவே கூடாது, கைப்பையில்தான் வைக்க வேண்டும் என்கிறார்கள். அபாயமான பொருளைப் பிரயாணிகளின் நடுவிலா வைப்பது என்று கேட்கத் தோன்றும். லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் சேதமுற்றால் தானே சூடேறி, அந்தச் சூட்டினாலேயே மேலும் சூடேறிப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. ஆளில்லாத அடித்தளத்தில் அந்தத் தீ கண்ணுக்குப் படாமலே வளர்ந்துவிடும். பிரயாணிகளிடையே பற்றினாலோ, பணியாளர்கள் உடனே கண்டு தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பார்கள். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானத்தில், தலைக்கு மேலிருந்த பெட்டகத்திலிருந்து தீ கிளம்பியது. எல்லோரும் இறங்கிப் பிழைத்தார்கள், விமானத்தின் கூரை எரிந்துபோயிற்று. விசாரணையாளர்களின் சந்தேகம் ஒரு பவர் பேங்கின்மேல் விழுந்தது. அவ்வாண்டு மார்ச் முதல் அந்நாட்டில் பவர் பேங்கைப் பெட்டகத்தில் வைக்கத் தடை வந்தது; சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் பிறகு எமிரேட்ஸும் பயணத்தின்போது அதை உபயோகிப்பதையே தடுத்துவிட்டன. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. பவர் பேங்கின்மேல் மில்லியாம்பியர்-மணிக் கணக்கு மட்டுமே போட்டிருந்தால், அதை 3.7-ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் விடை வரும். 20,000 என்று போட்டிருந்தால் 74 வாட்-மணி, கவலையில்லை. எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பறிகொடுக்க நேரலாம். இன்னொன்று: விமானம் நிரம்பிவிட்டால், ஏறும் வாசலிலேயே கைப்பையை வாங்கி அடித்தளத்தில் போட்டுவிடுவார்கள், அந்த அவசரத்திலும் பவர் பேங்கை வெளியே எடுத்துவிட்டே பையைக் கொடுக்க வேண்டும்.

சூடேறிப் பற்றும் குணம் பேட்டரிக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுக் கொப்பரைக்கும் உண்டு. எண்ணெய் செறிந்த உலர்ந்த தேங்காய், காற்றோட்டமற்ற இடத்தில் குவிந்திருக்கும்போது மெல்லமெல்ல வெப்பமடைந்து தானாகவே எரியக்கூடும் என்பதால், சர்வதேச அபாயப் பொருள் வரிசையில் கொப்பரைக்கு 1363 என்று ஓர் இலக்கமே கொடுத்து, பிரயாணிகளின் சாமான்களில் அதை விலக்கி வைத்திருக்கிறார்கள். முழுத் தேங்காயையும் கைப்பையில் கொண்டுபோக நம் நாட்டில் சாதாரணமாக அனுமதியில்லை. இதனால் பெரிதும் தவித்தவர்கள் சபரிமலை யாத்திரிகர்கள். நெய் நிறைத்த தேங்காயைச் சுமக்கும் இருமுடியைத் தலையைவிட்டு இறக்கி, யாரோ தூக்கிப்போடும் பெட்டிகளோடு அனுப்ப எந்தச் சாமிக்கு மனம் வரும்? விமானப் பாதுகாப்பு அமைப்பு 2022 நவம்பரிலும், பின்னர் 2024 அக்டோபரிலும், மகரவிளக்கு முடியும் ஜனவரி 20 வரைக்குமென்று, எக்ஸ்ரே சோதனையும் வெடிமருந்துத் தடயச் சோதனையும் செய்தபின் இருமுடித் தேங்காயைக் கையோடு கொண்டுசெல்ல விசேஷ அனுமதி தந்தது. விதிகளும் சந்தர்ப்பத்துக்கேற்ப இளகும் என்பதற்கு இது நல்ல திருஷ்டாந்தம். ஆனால் அனுமதி அந்தந்த வருஷத்துக்கு மட்டுமே உரியது என்பதால், மாலை போட்டதும் விசாரித்துக்கொள்வது உத்தமம்.

கூரிய பொருள்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கத்தி, கத்தரிக்கோல், பாக்குவெட்டி, தேங்காய்த் துருவி எல்லாம் அடித்தளத்துக்கு உரியவை. எறிந்தால் கண்ணைக் கெடுக்கும் மிளகாய்ப்பொடியையும் அவற்றோடு சேர்த்துவிடலாம். அடித்தளத்துக்கு அனுப்பினாலும் இறங்கும் நாட்டின் சட்டம் குறுக்கிடக்கூடும்: குருமாவுக்கு நாம் அரைக்கும் கசகசா, சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் போதைப் பொருளாக எண்ணப்படுகிறது, பச்சைக் கறிவேப்பிலையை, எலுமிச்சை இனத்து மரங்களைப் பாழ்படுத்தும் நோயைச் சுமக்கும் பூச்சி அதில் தங்கும் என்ற காரணத்தால், அமெரிக்க அதிகாரிகள் பறிமுதல் செய்கிறார்கள்.

இனிக் கைப்பையில் வைக்க வேண்டியவற்றைப் பார்ப்போம். பெரிய பெட்டியில் இடம் போதாமல் மிஞ்சியவற்றைத் திணிக்கும் துணைப்பையாகவே பலர் அதைக் கருதுகிறார்கள். பெரிய பெட்டி வந்து சேராமற்போனால் இரண்டு நாள் தாக்குப்பிடிக்க எது வேண்டுமோ, எது தொலைந்தால் பணத்தால் ஈடுகட்ட முடியாதோ, அதுதான் கைப்பைக்குரிய பொருள். இந்தியா 2009-இல் சேர்ந்துகொண்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சர்வதேசப் பயணத்தில் தொலைந்த பெட்டிகளுக்காக ஒரு பிரயாணிக்குக் கம்பெனி தரவேண்டிய நஷ்டஈட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் எஸ்.டி.ஆர். என்னும் சர்வதேசக் கணக்கு அலகில் 1,519; அதாவது ஏறத்தாழ இரண்டாயிரம் அமெரிக்க டாலர். கல்யாணத்துக்குச் செல்லும் குடும்பத்தின் நகைப்பெட்டியை இந்தத் தொகை எந்த மூலைக்குக் காணும்? ஆகவே நகை, அசல் சான்றிதழ்கள், வீட்டுச் சாவி, மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை, அன்றாட மாத்திரை ஆகியவை கையோடு இருக்க வேண்டியவை. இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். அடித்தளத்தின் குளிரை நம்பி அதை அனுப்பக் கூடாது. மாத்திரைகளை டப்பாவில் உதிர்த்துப் போடாமல், பெயர் அச்சிட்ட அட்டையோடு, மருத்துவரின் சீட்டையும் வைத்துக்கொண்டால் வெளிநாட்டுச் சோதனையில் வாதம் குறையும். சோதனையில் முதலில் கேட்கப்படும் மடிக்கணினியும் பவர் பேங்கும் மேலாக இருக்கட்டும்; காலிப் பாட்டில் ஒன்றை எடுத்துச் சென்று, சோதனை முடிந்தபின் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம்.

இவ்வளவு கவனமாகக் கட்டிய பையைக் கைவிட வேண்டிய ஒரு வேளையும் உண்டு. 2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாய் ஓடுதளத்தில் மோதித் தீப்பிடித்தபோது, புகை சூழ்ந்த நிலையிலும் பலர் பெட்டகங்களைத் திறந்து பைகளைத் தேடும் காட்சி அன்றே உலகெங்கும் பரவியது. விமானத்திலிருந்த 300 பேரும் உயிர் தப்பியது பெரும் பாக்கியம். தீயணைக்க வந்த வீரர் ஒருவர் வெடிப்பில் மாண்டார். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்திலிருந்து 379 பேரும் தப்பிய விதமோ வேறு. பணியாளர்கள் பைகளை எடுக்காதீர்கள் என்று கூவியதற்கு ஜனங்கள் கீழ்ப்படிந்தார்கள். பை வழியை அடைக்கும். சறுக்குப் பாதையின் துணியைக் கிழிக்கும். பின்னால் வருபவரின் விநாடிகளைத் திருடும். எனவே பாஸ்போர்ட்டையும், அன்றைக்கு வேண்டிய மருந்தையும், கொஞ்சம் பணத்தையும், விமானம் மேலெழும்போதும் தரையிறங்கும்போதும் சட்டைப்பைக்குள்ளோ இடுப்பு முடிச்சிலோ வைத்துக்கொள்வது நலம். இதற்கு எந்தக் கம்பெனியும் எடை பார்ப்பதில்லை.