வெள்ளிவாள்

வாழையைப்போல ஒரே ஒரு முறை பூத்து மடிகின்ற மலைச்செடி உலகில் வேறெங்கேனும் உண்டா என்று அன்பர் ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். அதைப் படித்த கணத்திலேயே, நெடுங்காலமாக என் சிந்தையை விட்டு அகலாத ஹவாய்த் தீவுச் செடியொன்றின் உருவம் கண்முன் வந்து நின்றது. மௌயி தீவில் 3,055 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஹலேயாகலா எரிமலையின் உச்சியை அடுத்த சாம்பற் சரிவுகளில் மட்டுமே, செவ்வந்தியின் குலத்தில் பிறந்த அந்த வெள்ளிவாள் வளர்கிறது. 'ஆஹினாஹினா' என்று அத்தீவின் மக்கள் அதன் நரைநிறத்தை வைத்தே அதை அழைக்கிறார்கள்.

அதன் இலைகளைப் பற்றி எத்தனை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. பகலில் வெயில் தகித்து இரவில் நீர் உறையும் அவ்விடத்தில், வாள்போன்ற ஒவ்வோர் இலையும் வெள்ளிய ரோமங்களைப் போர்த்திக்கொண்டு உக்கிரமான ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. உள்ளேயோ, கற்றாழைச் சோற்றை நினைவூட்டும் ஒருவகைக் கூழில் நீரைச் சேமித்து வைக்கிறது. இவ்விலைகள் அனைத்தும் கிண்ணம்போல வளைந்து குவிந்திருப்பதால், அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி நடுக்குருத்தில் சென்று சேர்ந்து, சுற்றியுள்ள குளிர்காற்றுக்கு இல்லாத வெதுவெதுப்பை அதற்கு அளிக்கிறது. பனிக்காலத்து விடியலில் என் பாட்டி குழந்தையை முந்தானைக்குள் பொதிந்து வைத்திருந்ததைத்தான் இது எனக்கு நினைப்பூட்டுகிறது.

இப்படி இருபதாண்டு முதல் தொண்ணூறாண்டு வரை காத்திருந்து, ஒரு கோடையில் ஆளுயரத் தண்டு எழுப்பி நூற்றுக்கணக்கான செந்நீலப் பூங்கொத்துகளை விரித்து, விதை முற்றியதும் அது உயிர்விடுகிறது. எங்கள் கொல்லை வாழையாவது பக்கக்கன்றை விட்டுச் செல்லும். இதற்கோ பெரும்பாலும் அந்த ஆறுதலும் இல்லை. தன் மகரந்தம் தனக்கே பயன்படாத காரணத்தால், அதே பருவத்தில் அண்டையில் இன்னொரு செடியும் பூத்திருக்க வேண்டும். அங்கிருந்து மகரந்தம் சுமந்துவர அத்தீவுக்கே உரிய சிறு தேனீக்களும் வேண்டும்.

இத்தகைய தவத்தைத்தான், மலையேறி வந்தவர்கள் ஒரு காலத்தில் உச்சியை எட்டியதற்கு அடையாளமாக வேரோடு பிடுங்கி எடுத்துச் சென்றார்கள். சரிவில் உருட்டிவிட்டு வேடிக்கையும் பார்த்தார்கள்! ஆடுமாடுகள் மேய்ந்தது வேறு. 1920களுக்குள் அது அழிவின் விளிம்பை எட்டியது. தேசியப் பூங்காவின் காவலால் பிழைத்ததாயினும், 1992இல் அமெரிக்க அரசு அதை அபாயத்திலுள்ள இனமாக அறிவிக்க நேர்ந்தது. அழகை ரசிக்க வருகிறவர் பாதையை விட்டு விலகினால், மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும் வேர்கள் காலடியில் நசுங்கிவிடுகின்றன. வேலிக்கு அடங்காத இன்னொரு பகையும் உண்டு: மனிதரின் போக்குவரத்தோடு வந்து குடியேறிய அர்ஜென்டினா எறும்பு, மண்ணுக்குள் கூடு கட்டும் அந்தத் தேனீக்களின் புழுக்களைத் தேடி இன்றும் மலைமேல் பரவிக்கொண்டிருக்கிறது.