லினக்சில் யூஎஸ்பி ஒலி அட்டையை இயல்பிருப்பாக்குதல்

லினக்சில் யூஎஸ்பி ஒலி அட்டையை இயல்பிருப்பாக்குதல் என்பது, கணினியின் ஒலி முழுவதும் தாய்ப்பலகைச் சில்லுக்கோ எச்டிஎம்ஐ வழியாகத் திரைக்கோ செல்லாமல், வெளியே செருகிய அட்டைக்குச் செல்லுமாறு அமைப்பதாகும். ஹெட்போன் துளை பழுதான கணினிகளுக்கு, சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளில் கிடைக்கும் விரலளவு அட்டை எளிய மாற்றாகும்.

பார்வையற்ற பயனருக்கு இவ்வமைப்பு இன்றியமையாதது. சி-டாக் சென்னை மையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்சில் ஓர்க்கா திரைபடிப்பான் உண்டு. அடையாறை ஒட்டிய சென்னை ஐஐடியின் ஒருங்கிணைப்பில் உருவான, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் பேச்சொலி மென்பொருளும் ஓர்க்காவுடன் இணைக்கப்பட்டது. ஒலி வேறு அட்டைக்குப் போனால் திரைபடிப்பான் ஊமையாகும். அதைச் சரிசெய்யும் பக்கத்தையும் அவரால் படிக்க இயலாது.

எண்ணும் பெயரும்

லினக்சுக் கருனியின் ஒலிப் பகுதி ஆல்சா எனப்படும். இது 2003-இல் வெளியான 2.6 பதிப்பு முதல் கருனியின் பகுதியாக உள்ளது. அட்டைகள் கண்டறியப்படும் வரிசையில் 0, 1, 2 என எண் பெறும். வேறு அமைப்பு இல்லையெனில் 0 எண் அட்டையே இயல்பிருப்பு. ஒலிவாங்கி உள்ள வெப்கேமராவும் ஓர் ஒலி அட்டையாகவே எண்ணப்படுவதால், அதைச் செருகிக் கணினியைத் தொடங்கினால் எண்கள் மாறக்கூடும். எனவே அட்டையை எண்ணால் அன்றிப் பெயரால் குறிப்பதே நிலையானது.

அமைக்கும் முறை

பல்ஸ்ஆடியோ அல்லது பைப்வயர் இயங்கும் கணினிகளில், அமைப்புகளில் 'ஒலி' பகுதியைத் திறந்து, வெளியீட்டுக்கும் உள்ளீட்டுக்கும் தனித்தனியே அட்டையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வு பெயரால் சேமிக்கப்படும். ஆல்சா மட்டும் உள்ள கணினியில், அதன் அமைப்புக் கோப்பில் ஒலியோட்டம், ஒலியளவுக் கட்டுப்பாடு ஆகிய இரண்டுக்கும் அட்டையின் குறும்பெயரை எழுத வேண்டும்.

வரம்புகள்

- அட்டையைக் கழற்றினால் பைப்வயர் வேறு அட்டைக்கு மாறும். மீண்டும் செருகினால் பழைய தேர்வுக்குத் திரும்பும். ஆல்சா மட்டும் இருந்தால் ஒலியே வராது.
- ஒரே வகை அட்டைகள் இரண்டு இருந்தால் குறும்பெயரின் பின்னொட்டு செருகும் வரிசையைப் பொறுத்து மாறலாம். அப்போது செருகுதுளையைக் கொண்டு அடையாளம் காண விதி எழுத வேண்டும்.
- அமைப்புகளில் செய்யும் தேர்வு அந்தப் பயனருக்கு மட்டுமே உரியது. நுழைவுத் திரை தனிப் பயனராக இயங்குவதால், கடவுச்சொல் கேட்கும் குரல் வேறு அட்டையில் ஒலிக்கக்கூடும். தாய்ப்பலகைச் சில்லு தேவையில்லாத கணினியில் அதை பயாசில் முடக்குவது இதற்கு எளிய வழி. ஆனால் எச்டிஎம்ஐ ஒலி இருந்தால் அது போதாமல் போகலாம்.

பலர் பகிரும் கணினியை ஒப்படைக்கும் முன், மீண்டும் தொடங்கி, நுழைவுத் திரையிலேயே குரல் சரியான ஹெட்போனில் கேட்கிறதா எனச் சோதிக்க வேண்டும்.