உங்களுக்குத் தெரியுமா? மூடாத மதகும் லிம்போமாவும்

● ஜீயபுரத்துக்காரர்களுக்கு பக்கத்திலுள்ள முக்கொம்பு அணையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஆகஸ்டில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்தபோது, தண்ணீரை நிறுத்த முடியவில்லை. லிம்போமா எனும் நிணநீர்ப் புற்றுநோயில் செல்லுக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். அங்கே மதகு, கைனேஸ் என்ற நொதி. கிருமி வந்தால், ஒரு புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி 'பெருகு' என்ற உத்தரவைத் திறந்துவிடும். கிருமி ஒழிந்ததும் அடைபட வேண்டும். அடைபடாவிட்டால், எதிரியே இல்லாமல் செல்கள் பெருகிக்கொண்டே போகும்.

● 1952இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 8 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுக்குத் திரும்பத் திரும்பக் கிருமித்தொற்று. சோதித்தால், ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் காமா குளோபுலினே இல்லை! காரணமான மரபணு 1993இல்தான் பிடிபட்டது. அது ஒரு கைனேஸுக்கானது. மருத்துவர் பெயராலேயே 'புரூட்டன் டைரோசின் கைனேஸ்', சுருக்கமாக பிடிகே. அது இல்லாவிட்டால் பி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் முதிர்வதே இல்லை. அப்படியானால் புற்றான பி செல்லிலும் அதை முடக்கினால்? அந்தக் கேள்விக்கு விடைதான் இப்ருடினிப் மாத்திரை. மேன்டில் செல் லிம்போமாவுக்கு 2013இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு குழந்தையின் குறைபாடு 61 ஆண்டு கழித்துப் பெரியவர்களுக்கு மருந்தானது. இந்தப் பக்கத்தில் எனக்குப் பிடித்த செய்தி இதுதான்.

● புற்றும் லேசுப்பட்டதல்ல. இப்ருடினிப், பிடிகேயின் 481ஆவது இடத்திலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே சிஸ்டீன் போய் செரின் வந்துவிட்டால் மருந்துக்குப் பிடி இல்லை. அந்தப் பிடியே தேவைப்படாத பிர்டோபுருடினிப் 2023இல் வந்தது.

● அல்க் என்ற கைனேஸுக்குப் பெயர் கொடுத்ததே ஒரு லிம்போமாதான். 2ஆம், 5ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால், நிணநீர்ச் செல்லில் வேலையே இல்லாத அல்க் அங்கே ஓயாமல் இயங்குகிறது என்று 1994இல் தெரிந்தது. 2007இல் அதே அல்க் நுரையீரல் புற்றுநோயிலும் சிக்கியது.

● கைனேஸை முடக்கும் புற்றுநோய் மாத்திரைகளில் மூத்தது கிளிவெக். லிம்போமாவுக்கல்ல, ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கு. அதன் காப்புரிமை விண்ணப்பம் 1998இல் சென்னையில்தான் போடப்பட்டது. 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. அப்போது கிளிவெக்குக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். நம் நாட்டு நிறுவனங்களின் மாத்திரை 10,000க்குள்.

● கழுத்திலோ அக்குளிலோ வலிக்காத கட்டி வாரக்கணக்கில் கரையவில்லையா? நம்மூரில் முதல் சந்தேகம் காசநோய் மேல்தான். பலமுறை அது சரியும்கூட. ஆனால் சோதிக்காமலே காசநோய் மாத்திரையைத் தொடங்கி மாதங்களை விட்டவர்களும் உண்டு. லிம்போமாவா என்று அறிய ஊசியில் உறிஞ்சிப் பார்ப்பது பெரும்பாலும் போதாது. முடிந்தால் ஒரு முடிச்சை முழுசாக எடுத்துச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

● இப்ருடினிப் சாப்பிடுகிறவர்களுக்கு கிரேப்ஃப்ரூட் சாறு ஆகாது. மருந்தைச் சிதைக்கும் குடல் நொதியை அது முடக்குவதால், ரத்தத்தில் மருந்தளவு எகிறிவிடும்.