நாய்ப் படம் இருந்தால் எச்.எம்.வி ஆகிவிடுமா? பரணில் கிடக்கும் ரெக்கார்டு பிளேயரின் பூர்வீகம் அறிய சில வழிகள்

திருத்தணி கோயில் தெருக்களில் இன்று முருகன் பாட்டு செல்போனிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ வருகிறது. சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் முதன்முதலில் வீடுகளுக்கு வந்தது கறுப்பு இசைத்தட்டாகத்தான். அந்தத் தட்டுகளைச் சுழற்றிய பெட்டிகள் பல வீடுகளில் இன்னும் பரணில் கிடக்கின்றன. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது கீழே இறங்கும். அப்போது இரண்டில் ஒன்று நடக்கும். பழைய இரும்புக் கடைக்குக் கிலோ கணக்கில் போய்விடும். இல்லையென்றால், ‘இது வெள்ளைக்காரன் காலத்து எச்.எம்.வி, லட்சம் போகும்’ என்று யாராவது ஆசை காட்டிவிடுவார்கள். இரண்டுமே அவசரம்தான். அது எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்பதைப் பெட்டியே சொல்லும்.

முதலில் அந்த நாய். கிராமபோன் குழலை உற்றுக் கேட்கும் நிப்பர் என்ற நாயை வரைந்தவர் பிரான்சிஸ் பராட் என்ற ஓவியர். அந்தப் படம் லண்டன் கிராமபோன் கம்பெனியின் முத்திரையானது. அதனாலேயே இந்தியாவில் அதிகம் போலி செய்யப்பட்டதும் இந்த முத்திரைதான். பளபளக்கும் பெரிய பித்தளைக் குழல், எண்கோண மரப்பெட்டி, அதில் புத்தம் புதிதாக ஒட்டிய நாய்ப் படம்... நட்சத்திர ஹோட்டல் வரவேற்பறைகளிலும் பழம்பொருள் கடைகளிலும் நாம் பார்க்கும் ‘கிராமபோன்’களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவையே. பழைய சூட்கேஸ் மாடல்களிலிருந்து கழற்றிய மோட்டாரைப் புதுப் பெட்டியில் பொருத்திக் குழலை மாட்டிவிடுகிறார்கள். பாடவும் செய்யும். ஆனால், அது நூறு வருடப் பழசு அல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது? அசல் குழல் மாடல்களில் ‘ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ்’ என்று முழுப் பெயர் இருக்கும். குழல் வைத்த பெட்டியில் வெறும் ‘எச்.எம்.வி’ என்ற மூன்றெழுத்து இருந்தால் சந்தேகப்படுங்கள். குழலையும் பெட்டியையும் இணைக்கும் வளைகுழாய் தடித்து, பற்றவைத்த தடம் தெரிந்தாலும் அப்படியே. நம் தாத்தாக்கள் உண்மையில் வாங்கியது அநேகமாகக் குழல் வெளியே தெரியாத சூட்கேஸ் கிராமபோன். 1931-ல் வந்த எச்.எம்.வி 102 அதில் பேர் பெற்றது. பார்க்கக் கறுப்புப் பெட்டி. அழகு குறைவு, உண்மை அதிகம்.

சாவி கொடுக்கும் கைப்பிடி இல்லாமல் மின்சார ஒயர் இருந்தால் கதை வேறு. வேகம் மாற்றும் திருகைப் பாருங்கள். 33⅓ வேக எல்.பி தட்டு 1948-லும், 45 வேகத் தட்டு 1949-லும் அமெரிக்காவில் வந்தன. ஆகவே 78 மட்டும் இருந்தால் பெட்டி அதற்கு முந்தைய ரகம். 16, 33, 45, 78 என நான்கும் இருந்தால் 1950-களின் நடுப்பகுதிக்குப் பிந்தையது.

அடுத்தது பலரும் ஏமாறும் இடம். மேலே இருக்கும் பெயர் வேறு, உள்ளே சுழலும் இயந்திரம் வேறு. இங்கிலாந்தின் ஸ்விண்டனில் இருந்த கேரார்டு, பர்மிங்காம் பக்கத்து பி.எஸ்.ஆர் போன்ற கம்பெனிகள் சுழல்தட்டை மட்டும் செய்து பல பிராண்டுகளுக்கு விற்றன. சாவி கொடுக்கும் கிராமபோன்களிலும் இதே வழக்கம்தான். சுவிட்சர்லாந்தின் செயின்ட் குவா என்ற சிற்றூரிலிருந்து தோரென்ஸ், பயார்டு மோட்டார்கள் உலகெங்கும் போயின. எனவே சுழல்தட்டைத் தூக்கி, அடியில் உள்ள தகட்டைப் படியுங்கள். ‘மேட் இன்’ என்ற வரியும் மாடல் எண்ணும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கூடவே கிடக்கும் இசைத்தட்டில் ‘டம்டம்’ என்று இருந்தால், தட்டு கல்கத்தாவில் அச்சானது என்று மட்டுமே பொருள். பெட்டியும் கல்கத்தா என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சில சுழல்தட்டுகளின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். வேகம் சரிபார்ப்பதற்காக வைத்தவை. 33⅓ வேகத்துக்கான வரிசையில் 180 புள்ளிகள் இருந்தால், அது நம் ஊர்போல 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டுக்குச் செய்தது. 216 இருந்தால் அமெரிக்கா போன்ற 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கு. பொறுமை இருந்தால் எண்ணலாம்! அமெரிக்கப் பெட்டியை நேராக நம் 230 வோல்ட்டில் சொருகினால் மோட்டார் கருகிவிடும். டிரான்ஸ்பார்மர் வைத்து வோல்ட்டேஜைக் குறைத்தாலும், பழைய மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். பாடகி அழுவதுபோலக் கேட்கும். வோல்ட் அளவைத் தகட்டில் படிக்காமல் பிளக்கைத் தொடவே வேண்டாம்.

ரேடியோவும் சேர்ந்த ரேடியோகிராம் என்றால் இன்னொரு சாட்சி உண்டு. அந்தக் காலத்தில் ரேடியோவுக்குத் தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்ட வேண்டும். அந்தச் சின்னப் புத்தகம் பீரோவில் இருந்தால் விடாதீர்கள். தபால் முத்திரையில் ஊரும் வருடமும் இருக்கும்.

திருத்தணி வட்டாரக் குடும்பங்களுக்கு இன்னும் ஒரு வசதி இருக்கிறது. இந்த ஊர் 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்தது. அதற்குமுன் சித்தூர் ஜில்லா. பிறகு செங்கல்பட்டு மாவட்டம், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். எனவே கடை ரசீதிலோ, மூடியின் உட்புறம் ஒட்டிய சீட்டிலோ ‘திருத்தணி, சித்தூர் ஜில்லா’ என்று இருந்தால், பெரும்பாலும் அது 1960-க்கு முன் வாங்கியதாகத்தான் இருக்கும். தமிழ்த் தட்டுகளுக்கு நடுவே தெலுங்குத் தட்டுகள் கிடைத்தால் அவற்றையும் பிரிக்காமல் வையுங்கள். யார் வீட்டில் எந்த மொழிப் பாட்டு ஒலித்தது என்பதும் அந்தப் பெட்டியின் பூர்வீகம்தானே.

சுத்தம் செய்கிறேன் என்று ஈரத்துணியோடு இறங்குபவர்கள் முதலில் அழிப்பது அந்தச் சீட்டைத்தான். துடைப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்: மூடியின் உட்புறம், அடித்தகடு, ஊசி இருக்கும் தலைப்பகுதி. பெட்டியைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் கேட்கப்போவதும் இந்த மூன்று படங்களைத்தான்.