அம்மா சேலைக்குள் ஒளிந்த கதை

சித்தூரில் எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் ஒரே மூச்சில் ஓடும். பேத்திக்குப் படித்துக்காட்ட நான் எடுப்பது, சந்தியா ராவ் எழுதிய அம்மாவின் சேலைக் கதை. சென்னை தூலிகா பதிப்பகம் வெளியிட்டது. தமிழிலும் தெலுங்கிலும் உண்டு. எழுத்து கொஞ்சம்தான். சேலை ரயிலாகிறது, ஆறாகிறது, மூக்கைத் துடைக்கவும் ஆகிறது (அது இல்லாமல் சேலைக் கதையா?). ஓவியர் நீனா சப்னானி அசல் சேலைகளின் புகைப்படத்தின் மேலேயே குழந்தைகளை வரைந்திருக்கிறார். நெசவு அப்படியே தெரிகிறது. பேத்தி அதைத் தடவிப் பார்த்து, "அம்மம்மா, இது உன் வெங்கடகிரிச் சேலையா?" என்பாள். அட்டையின் உட்பக்கத்தில் சேலை கட்டும் விதமும் படமாக இருக்கிறது. பாரம்பரியம் என்று பாடம் எடுக்காத புத்தகம். சின்னக் குழந்தை இருக்கும் வீடென்றால் வாங்கி வையுங்கள்.