சரக்குப் படகு உல்லாசப் படகாகும்போது

குருவிட்டவைக் கடந்து செல்லும் குரு கங்கை சிவனொளிபாத மலைத் தொடரில் ஊற்றெடுத்து, போபத் எல்லவில் நீர்வீழ்ச்சியாக விழுந்து, களு கங்கையில் கலக்கின்றது. சுமார் 129 கிலோமீற்றர் நீளமான களு கங்கையே முன்னொரு காலத்தில் சப்ரகமுவையின் நெடுஞ்சாலையாக விளங்கியது. சிங்களத்தில் 'பாரு' எனப்படும், தட்டையான அடியும் ஓலைக் கூரையும் கொண்ட மரப் படகுகள் களுத்துறையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் இரத்தினபுரிக்கு ஏற்றி வந்தன. திரும்பும்போது பாக்கு சென்றது. இவ்வணிகத்தில் முஸ்லிம் வியாபாரிகளுக்குக் கணிசமான பங்கிருந்தது. பாவாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்களும் ஆற்று வழியைப் பயன்படுத்தினர். 1912இல் ரயில் இரத்தினபுரியை அடைந்ததும் படகின் காலம் மங்கியது. அந்த ரயில் பாதையும் அவிசாவளைக்கு அப்பால் 1970களில் கைவிடப்பட்டது. படகை வென்ற ரயிலை வீதி வென்றது!

இவ்வாறான பழைய படகுகளைப் புதுப்பித்து உல்லாசப் பயணத்துறைக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனை எமது நாட்டில் அவ்வப்போது எழுகின்றது. அயலிலுள்ள கேரளம் இதனைச் செய்து காட்டியுள்ளது. குட்டநாட்டில் நெல் ஏற்றிய கெட்டுவள்ளங்கள் பாலங்களும் வீதிகளும் வந்தபின் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. 1990களின் தொடக்கத்தில் அவை ஆலப்புழையில் தங்குமிடப் படகுகளாக மறுபிறவி எடுத்தன. 'கெட்டு' என்றால் கட்டு. ஆணியின்றி, ஆஞ்சிலிப் பலகைகளைக் கயிற்றால் இறுக்கித் தைத்து, முந்திரி ஓட்டு எண்ணெய் பூசி உருவாக்கப்படுவது அப்படகு.

புதுப்பித்தல் என்பது வர்ணம் பூசுவதன்று. நீண்டகாலம் கரையில் கிடந்த பலகை உலர்ந்து சுருங்கும். இணைப்புகள் வாய் திறக்கும். உக்கிய பலகையை அகற்றி, அதே வளைவுடைய மரத்தைத் தேடிப் பொருத்த வேண்டும். கயிறு புதிதாகக் கட்டப்பட வேண்டும். இடைவெளிகளில் தும்பும் பிசினும் அடைக்கப்பட்டபின், படகை நீரில் ஊறவிட்டுப் பலகைகள் உப்பி இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்படுவோருக்கு இது ஏற்ற தொழிலன்று. இயந்திரம் பூட்டினால் அதன் அதிர்வு கட்டுகளைத் தளர்த்தும் என்பதையும் கணக்கிற்கொள்ளல் அவசியம்.

எனினும் எம்மைக் கவலைகொள்ளச் செய்வது வேறொன்று. சரக்குப் படகில் பாரம் அடித்தளத்தில் கிடக்கும், அது அசையாது. பாரம் தாழ்ந்திருப்பதாலேயே படகு நிலைகொள்கின்றது. பயணிகளோ மேலே நிற்பர். கரையில் ஒரு யானையைக் கண்டால் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவர். அதே படகின்மீது மாடியொன்றும் கட்டப்பட்டால் கனம் மேலெழுகின்றது. சற்றுச் சரிந்தாலும் மீண்டு நிமிரும் ஆற்றல் குறைந்துவிடுகின்றது.

2023 மே 7ஆம் திகதி மாலை கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள தானூரில் மாடிப் படகொன்று கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் சிறுவர்கள். ஒரே குடும்பத்தின் உறவினர்கள் 11 பேர் ஒன்றாக மாண்டனர். அப்படகு மீன்பிடிப் படகை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டது என்பதும், அளவுக்கதிகமானோர் ஏற்றப்பட்டனர் என்பதும் பின்னர் வெளிவந்தன. மரமோ வேலைப்பாடோ அங்கு பிரச்சினையல்ல. படகின் தொழில் மாறியபோது அதன் கணக்கை எவரும் மீளப் போடவில்லை.

ஆகவே களு கங்கையில் ஒரு பாருவை மிதக்கவிட விரும்புவோர், மாடியின்றிப் பழைய தாழ்ந்த கூரையுடனேயே அதனை வைத்திருப்பது நன்று. இருக்கைகள் தாழ்வாக, அடித்தளத்தோடு பொருத்தப்பட வேண்டும். எத்தனை பேர் ஏறலாம் என்பதை முதலாளி தீர்மானிக்கலாகாது. நீரில் மிதக்கும் படகில் மணல் மூட்டைகளை ஏற்றி, ஒரு பக்கமாக நகர்த்தி, சரிவை அளந்து தகுதியுடைய பரிசோதகர் தீர்மானிக்க வேண்டும். உயிர்காப்பு அங்கி அலுமாரியில் அல்ல, உடலில் இருக்க வேண்டும்.

ஆற்றின் குணமும் முக்கியமானது. கேரளத்தின் காயல் பெரும்பாலும் அமைதியான நீர். களு கங்கை அவ்வாறன்று. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் இரத்தினபுரியை மூழ்கடித்த ஆறு இது. மலையில் பெய்யும் மழை சில மணித்தியாலங்களில் கீழே நீர்மட்டத்தை உயர்த்திவிடும். அன்றைய ஓடக்காரன் நீரின் நிறத்தைப் பார்த்தே படகைக் கரையில் கட்டியிருப்பான். இன்று பயணிகளிடம் முற்பணம் பெற்றுவிட்ட ஒருவர் அவ்வாறு கட்டுவாரா என்பதே எமது ஐயம்.